பிடி மாவுப் பசை

முதல் வளையம் மிஸ்ஸம்மாவின் தொப்பியில்தான் விழுந்தது.

சிவப்புக் காகித வளையம். அடுத்தது பச்சை, அதற்கடுத்தது மஞ்சள். வகுப்பின் கதவுக்கு மேலே ஆணிக்கு ஆணி தொங்கவிட்டிருந்த காகிதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக வாய் பிளந்து உதிர ஆரம்பித்தது. மிஸ்ஸம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். நான் வந்தனம் சொல்லத் திறந்த வாயை மூடாமலே நின்றேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். வந்தவரை வரவேற்க டீச்சர் ஏதோ வித்தை காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள் போல. அதற்குள் ஜன்னல் பக்கத்துச் சங்கிலியும் விட்டது. கரும்பலகைக்கு மேலே இருந்த தேவதூதன் ஒரு சிறகைக் கீழே போட்டுவிட்டு ஒற்றைச் சிறகோடு தொங்கினான்.

மிஸ்ஸம்மா என்றால் எங்கள் பக்கத்து மிஷன் பள்ளிகளை மேற்பார்வை பார்த்த வெள்ளைக்காரப் பெண்மணி. நான் அப்போது இருபது வயது நிறையாத பெண். நெய்யூருக்கு மேற்கே, எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே, குழந்தை வகுப்புக்குத் தற்காலிக டீச்சராகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தலைமை ஆசிரியரை ஊரே பெரிய சார் என்று கூப்பிடும். அவர் முன்கூட்டியே என்னிடம் சொல்லியிருந்தார்.

"பிள்ளே எஸ்தரு, மிஸ்ஸம்மா கிறிஸ்மஸுக்கு முந்தி வருவாவ. சொவரப் பாத்துதான் டீச்சரை எடை போடுவாவ. சொவரு நல்லா இருந்தா ஒனக்க வேலை உறுதி, கேட்டியா?"

அந்தச் சுவர்தான் என் கண் முன்னால் உதிர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் ஏதாவது கூட்டத்தில் கை தட்டும் சத்தம் கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும்.

பனி என்றால் என்ன?

உதிர்ந்ததைப் பொறுக்குவதற்கு முன்னால், அதை ஒட்டிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வண்ணக் காகிதம் கிடைப்பது அன்று லேசுப்பட்ட காரியம் இல்லை. பட்டம் ஒட்டும் மெல்லிய தாளைப் பெரிய சார் நாகர்கோவில் போகும்போது வாங்கிவருவார். மிச்சமெல்லாம் பொறுக்கிச் சேர்த்தது. தேயிலைப் பொட்டலத்தின் வெள்ளித்தாள், ஜவுளிக்கடைத் துணிக்கட்டைச் சுற்றிவரும் நீலத்தாள், சீமையிலிருந்து பெட்டியில் வரும் பழைய கிறிஸ்மஸ் அட்டைகள்.

அந்த அட்டைகளின் பின்பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதிய வாழ்த்து இருக்கும். முன்பக்கத்தில் வீடு, மரம், கோயில் எல்லாவற்றின் மேலும் பனி கிடக்கும். ஒரு பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"டீச்சரே, மரத்துக்கெல்லாம் எதுக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்காவ?"

"அது சுண்ணாம்பு இல்ல மக்கா. பனி."

"நம்ம ஊருலயும் பனி உண்டே. விடியக்காலத்த புல்லுல கெடக்குமே."

"இது கட்டிப் பனி. அரிசி மாவு கணக்கா வந்து விழும்."

"அப்போ தின்னலாமா?"

தின்னலாம், ருசி இருக்காது என்று சொல்லிச் சிரித்தேன். பனியை நான் மட்டும் எங்கே கண்டேன்? ஆனால் டீச்சர் ஆனபிறகு தெரியாது என்று சொல்ல நாக்கு வளையாது. அவன் ஏன் அதைக் கேட்டான் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

பனிக்கு இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டினோம். செம்மறியாடு வெட்டச் சொன்னால் எல்லாருடைய ஆட்டுக்கும் தாடி இருந்தது. ஒட்டகம் என்றதும் ஒருத்தன் உழவு மாட்டை வெட்டி முதுகில் ஒரு மேட்டை ஒட்டிவைத்தான். பாலன் இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகள் மூன்று பேரும் அந்த மாட்டின் மேல்தான் எங்கள் வகுப்புச் சுவரில் பயணம் போனார்கள்.

எனக்குப் பெருமையெல்லாம் நட்சத்திரத்தில். தாளை மடித்து மடித்துக் கத்தரியால் ஒரே வெட்டு. பிரித்தால் ஐந்து முனையும் வந்து நிற்கும். மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தபோது கற்றது. நான் வெட்டுவேன், மடிப்பைப் பிள்ளைகள் பிரிப்பார்கள், பிரிக்கும்போது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த வகுப்பில் என் கடைசித் தங்கை ஞானப்பூவும் இருந்தாள். ஐந்து வயசு. வீட்டில் அக்கா, பள்ளியில் டீச்சர் என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பள்ளி வாசலில் கால் வைத்ததும் அவள் முகமே மாறிவிடும். டீச்சரே என்று அவள் கூப்பிடும் தோரணையில் பெரிய சாரே சிரித்துவிடுவார்.

கோயில் பானை

இனி பசை. இந்தக் கதை முழுக்க அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, அதற்கென்று வைத்த சின்னப் பானையில் போடுவாள். அது கர்த்தருக்கு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அதாவது சர்ச்சில், கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எந்த வீட்டிலும் இது தப்பாது.

அரிசி இருந்தால் சரி. எங்கள் ஊர் பனையேறிகளின் ஊர். பதனீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி காய்ச்சுகிற புகை ஊரை மூடியிருக்கும், அடுப்பில் சோறும் வேகும். பனை ஓய்ந்து மழை பிடித்தால் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குதான். அதையும் வெட்டிக் காயவைத்து, இடித்து மாவாக்கி, கூழ் காய்ச்சிக் குடித்து நாளைத் தள்ளுவோம். அந்த மாதங்களில் பிடியரிசி பிடி மாவு ஆகிவிடும். பிள்ளைகளுக்குக் கூழ் தண்ணீராக ஓடினாலும் அந்த ஒரு பிடியை மட்டும் யாரும் குறைக்கமாட்டார்கள். குறைத்தால் தெரிந்துவிடும். கோயில் வாசலில் பானையைக் கவிழ்க்கும்போது பக்கத்துப் பானைக்காரி பார்ப்பாள் அல்லவா?

அந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். பனை ஓய்ந்த மாதங்களில் ஆண்கள் குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குப் போவது வழக்கம். ரப்பர் விலை விழுந்து தோட்டத்தில் பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். போனவர்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பிவந்தார்கள், எங்கள் அப்பா உட்பட. என் வேலை உறுதியானால்தான் மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உலையில் அரிசி விழும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஞானப்பூவுக்கும் தெரியும்.

கிறிஸ்மஸ் சுவர் கோயில் காரியம் என்பதால், பசைக்குக் கோயில் பானையிலிருந்து மாவு கொடுத்தார் பெரிய சார். பள்ளிக்குப் பின்னால் கல் கூட்டிக் காய்ச்சினேன். வரிசைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். வேலை முடிந்து சிரட்டைகள் திரும்பிவந்தபோது கழுவித் துடைத்ததுபோல் பளபளவென்று இருந்தன. பரவாயில்லை, பிள்ளைகள் சுத்தம் கற்றுக்கொண்டார்கள் என்று நான் உள்ளூர மெச்சிக்கொண்டேன்.

தினமும் மெச்சிக்கொண்டேன். என்னைவிட அசடு யாராவது உண்டா?

சோறும் மீன்கறியும்

மிஸ்ஸம்மா தொப்பியிலிருந்து வளையத்தை எடுத்தார். விரித்துப் பார்த்தார். முனையை விரலால் தடவிப் பார்த்தார். பசை இருந்த சுவடே இல்லை.

மெல்லிய பட்டத்தாள் எச்சில் ஈரத்திலும் ஒட்டும். மழை நாட்களின் ஓதத்தில் எப்படியோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அன்று காலையில் பார்த்து நல்ல வெயில் அடித்தது. காய்ந்தது, விட்டது.

"பிள்ளைகளே, பசை எங்கே போயிற்று?" என்று மிஸ்ஸம்மா கேட்டார். அவர் தமிழ் வேதப்புத்தகத் தமிழ். பிரசங்கம் கேட்பதுபோல் இருக்கும்.

மிஸ்ஸம்மாவுக்குப் பின்னால் வந்து நின்ற பெரிய சார் பிரம்பு இருந்த மூலையை ஒருதரம் பார்த்தார். அப்போது ஞானப்பூ எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாங்க தின்னோம்."

"என்ன?"

"பசைய. அது எங்க வீட்டு மாவுதான். எனக்க அம்மை எடுத்துப் போட்டது. இவனுக்க வீட்டு மாவும் உண்டு. அன்னத்துக்க வீட்டு மாவும் உண்டு. எல்லாம் எங்க மாவுதான்."

திருடவில்லை என்று நியாயம் சொல்கிறாள். அவள் கணக்கில் அது சரிதான். கோயில் பானைக்குப் போகிற பிடியைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு படுத்த பிள்ளை அவள்.

மிஸ்ஸம்மா முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது. நல்ல மனுஷிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

"மகளே, உங்கள் வீட்டில் ஆகாரம் இல்லையா?"

இதைப் புரியவைக்க நான் மத்தியானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்கு ஓடுவார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுப் பிள்ளைகள் கோயிலைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போவார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருவார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு வருவது முக்கியம். தின்னியா என்று கேட்டால் தின்னாச்சு என்பதுதான் பதில். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும்.

கஞ்சி போட்ட சேலையும் வாரி முடிந்த கொண்டையுமாக, டீச்சரும் அதே கிணற்றடிக்குத்தான் போவாள். பிள்ளைகள் வந்துபோன பிறகு போவேன். நானும் வாயைத் துடைத்துக்கொள்வேன்.

ஞானப்பூ மிஸ்ஸம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பசையைத் தின்றோம் என்று ஊர் முன்னால் கூசாமல் சொன்ன பிள்ளை, இந்தக் கேள்விக்குத் தலையை வெட்டி ஆட்டினாள்.

"உண்டு. காலத்த சோறும் மீன்கறியும் தின்னேன்."

அன்று காலையில் ஒட்டக் கொடுத்த பசை அவள் கடைவாயில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

மற்றப் பிள்ளைகளும் ஆரம்பித்துவிட்டார்கள். எங்க வீட்டுல பருப்பும் உண்டு. எங்க வீட்டுல முட்டையும் உண்டு. ஒருத்தி எங்கள் வீட்டில் தினமும் பாயசம் என்றாள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தரை பிளந்து உள்வாங்காதா என்று இருந்தது. குற்றம் செய்தவனுக்குத்தான் வெட்கம் வரும் என்று யார் சொன்னார்கள்? நான் யார் குடியையும் கெடுக்கவில்லை. ஆனாலும் அன்று பட்ட வெட்கத்தைப்போல அதற்குப் பிறகு நான் எதற்கும் பட்டதில்லை.

"இவள் உன் தங்கையா?" என்று மிஸ்ஸம்மா மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் சேலையின் கஞ்சி மடிப்பைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் மீன்கறி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீலக் கல்

சாயங்காலம் நாங்கள் வீடு சேர்வதற்கு முன்னால் விஷயம் வீடு சேர்ந்திருந்தது. அம்மை முற்றத்தில் நின்றாள்.

"ஏட்டி, தின்னது போவட்டும். பச்சப்பிள்ள, பசிக்குத் தின்னா. தின்னோம்னு எதுக்குட்டி சொன்ன? ஊருல தலை நிமிந்து நடக்கண்டாமா?"

"கேட்டாவ, சொன்னேன்," என்றாள் ஞானப்பூ. "சோறு தின்னேன்னும் சொன்னேன்லா?"

அம்மை முந்தானையைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "கோயிலுக்குக் குடுத்ததுலயா பிள்ளைய கை வச்சிது?" என்று மட்டும் கேட்டார். எங்களைக் கேட்டாரா தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியாது. அன்று அவர் கூழைத் தொடவில்லை.

மறுநாள் பெரிய சார் ஒரு பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். உள்ளே துருசு. மயில்கழுத்து நிறத்தில் இருக்குமே, அந்த மயில்துத்தம்தான். பாட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும்போது பூச்சி அரிக்காமலிருக்க அதைப் பசையில் சேர்ப்பார். விஷம்.

"கோயில் பானையில மாவு இன்னும் கெடக்கு. எடுத்துக்கோ. இத இடிச்சுப் போட்டுக் காய்ச்சு. கரப்பான், பல்லி, பிள்ளைய, ஒண்ணும் கிட்ட வராது," என்றார்.

பூச்சிகளோடு சேர்த்துப் பிள்ளைகளையும் எண்ணியது அவர் காதில் விழவே இல்லை. கெட்ட மனுஷர் இல்லை. கிறிஸ்மஸ் விழாவுக்கு மிஸ்ஸம்மா மறுபடி வருவார், அதற்குள் சுவர் நிற்க வேண்டும், நின்றால்தான் என் பெயரை எழுதி அனுப்ப முடியும். அந்தக் கவலை அவருக்கு.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுவர் நின்றது. விழா நடந்தது. மிஸ்ஸம்மா நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்து, "உறுதியாய் இருக்கிறது" என்றார். புது வருஷத்தில் எனக்கு வேலையும் உறுதியாயிற்று. அந்தச் சுவரைப் பார்த்து வாங்கிய வேலையில்தான் என் தம்பி தங்கைகள் வளர்ந்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது சுவர் எப்படி நின்றது என்பதை அல்ல.

சுவரைப் பார்த்து

பொட்டலம் வந்த மறுநாள் காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் சீக்கிரமே போய் மாவு முழுவதையும் உலையில் கரைத்தேன். கொதி வந்ததும் ஒரு சிரட்டை மட்டும் தனியாகக் கோரி எடுத்தேன். துருசு அதற்கு மட்டும். அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உத்தரத்தில் வைத்தேன். பிள்ளைகள் வெட்டட்டும், பள்ளி விட்டபிறகு நானே ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்கு.

மிச்சப் பானையில் உப்புப் போட்டேன். ஒட்டக் கொடுத்த காணிக்கை மாவு அது. கூழாக்கினேன் என்று தெரிந்தால் வேலை அன்றோடு சரி. மாவெல்லாம் எங்கே என்று பெரிய சார் பிறகு கேட்கத்தான் செய்தார். "தீந்துபோச்சு சாரே, சொவரு பெரிசுல்லா?" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கொரு பூவரச இலையைப் போட்டு, கூழை ஊற்றினேன். ஆவி பறந்தது.

"குடியுங்க மக்கா," என்றேன்.

ஒரு கையும் நீளவில்லை.

பசையைச் சிரட்டை பளபளக்க நக்கிய பிள்ளைகள், இலையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பனியைத் தின்னலாமா என்று கேட்டவன் மேற்கூரையைப் பார்த்தான். அன்னம் என்கிற பெண் சட்டை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சரே. வீட்டுல தின்னாச்சு."

"எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு."

நான் ஞானப்பூவைப் பார்த்தேன். நீயாவது எடு என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"நாங்க சோறும் மீன்கறியும் தின்னுட்டுல்லா வந்தோம், டீச்சரே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திருட்டுத்தனமாகத் தின்றபோது அது அவர்கள் மாவு. நான் இலை போட்டு ஊற்றியதும் அது பிச்சை ஆகிவிட்டது. இந்த வெட்கத்தை இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எங்கள் அம்மைகள், எங்கள் அப்பாக்கள், வாயைத் துடைத்துக்கொண்டு கிணற்றடியிலிருந்து வருகிற நான். கூழ் ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஏடு படிய ஆரம்பித்தது.

"சரி," என்றேன். "இது கூழு இல்ல. பசை. நீங்க இருந்து ஒட்டுங்க. நான் அந்தச் சொவருல நட்சத்திரம் மாட்டப் போறேன். வேலை முடியறவரைக்கும் சொவரப் பாத்துத்தான் நிப்பேன். திரும்பமாட்டேன்."

திரும்பி நின்றேன். நட்சத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அந்த இடத்தில் ஆணிகூட இல்லை. பின்னால் சத்தமே இல்லை. தூறல் ஓட்டில் விழுவது மட்டும் கேட்டது. தோற்றுப்போனேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு இலை சரசரத்தது. இன்னொன்று. உறிஞ்சும் சத்தம் ஒன்று மெதுவாகக் கேட்டது, அடுத்து பலது. யாரோ யாரையோ, "பையத் தின்னுலே, அடியில சுடும்," என்றார்கள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. கையை இறக்கித் துடைக்கவும் வழியில்லை. இறக்கினால் வேலை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுவார்களே. கை கடுத்தது. பிடித்துக்கொண்டே நின்றேன்.

யாரோ என் முந்தானையை இழுத்தார்கள். திரும்பாமல் கீழே பார்த்தேன். ஞானப்பூ. இரண்டு கையாலும் ஒரு இலையைக் குழித்துப் பிடித்திருந்தாள்.

"எக்கா," என்றாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். "கொஞ்சம் பசை மிச்சம் கெடக்கு."

வேண்டாம், நான் தின்னாச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று தோளுக்கு மேலாக மெதுவாகத் திரும்பினேன்.

ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள்.

நட்சத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு இலையை வாங்கிக்கொண்டேன். உப்பு கொஞ்சம் கூடிப்போயிருந்தது.